குக்கர் மூடிக்கு ஏது ஃபில்டர்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில், குளிர்காலத்தில் இங்கிலாந்துக்காரர்கள் வீட்டைப் பராமரிக்கும் விதம் பற்றி ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அதில் இரண்டு வரிகள் என் வியாபாரத்தையே குழப்பிவிட்டன. ஒன்று, 'குக்கர் மூடியின் வடிகட்டிகளை மாதம் ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள்.' இன்னொன்று, 'குளித்து முடித்ததும் பதினைந்து நிமிடம் சாறு பிழியும் விசிறியை ஓடவிடுங்கள்.'

செவ்வாய்க்கிழமை காலை கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கூட முடிக்கவில்லை. எங்கள் தெரு டீச்சரம்மா அந்தப் பக்கத்தை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "ஏன் தம்பி, குக்கர் மூடிக்கு ஃபில்டர்னு ஒண்ணு வந்திருக்காமே, மூணு லிட்டர் குக்கருக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். கேஸ்கெட் தெரியும், வெயிட் தெரியும், சேஃப்டி வால்வு தெரியும். இருபத்தாறு வருஷமாக எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன், குக்கருக்கு ஃபில்டர் கேட்டு யாரும் வந்ததில்லை. கட்டுரையை இரண்டு தரம் படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

இங்கிலாந்தில் குக்கர் என்றால் விசில் அடிக்கும் பாத்திரம் இல்லை. மேலே பர்னர், கீழே ஓவன் எல்லாம் சேர்ந்த அடுப்புக்குத்தான் அங்கே அந்தப் பெயர். கட்டுரையில் 'மூடி' என்று வந்திருப்பது ஆங்கிலத்தில் ஹூட். ஹூட் என்பது தலையை மூடும் துணி. மழையில் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வோமே, கொங்காணி, அந்த மாதிரி. ஆக, குக்கர் ஹூட் என்பது அடுப்புக்கு மேலே கவிழ்ந்திருந்து புகையை இழுக்கும் கூண்டு. நம் ஊரில் அதற்குப் பெயர் சிம்னி. 'சிம்னி ஃபில்டரைக் கழுவுங்கள்' என்று போட்டிருந்தால் டீச்சரம்மா கடைக்கு வந்திருக்கவே மாட்டார்.

மொழிபெயர்த்தவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. இந்த ஒரு பொருளுக்கு ஆங்கிலம் பேசுகிறவர்களே ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரேஞ்ச் ஹூட். சிங்கப்பூரில் இருக்கும் என் அக்கா மகள் இங்கிலாந்து வழக்கப்படி குக்கர் ஹூட் என்றுதான் சொல்கிறாள். வேடிக்கை என்னவென்றால், அடுப்பு மேடையில் பதிக்கும் கேஸ் அடுப்புக்கு 'ஹாப்' என்ற இங்கிலாந்துப் பெயர் நம் ஷோரூம் வரை வந்துவிட்டது. அதற்கு மேலே மாட்டும் ஹூட் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் சிம்னி உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் சிம்னி மூன்று தலைமுறையாக இருக்கிறது, மூன்றும் வேறு வேறு பொருள்! அப்பத்தாவுக்கு சிம்னி என்றால் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடி. சாயங்காலம் ஆனால் சாம்பலைத் தொட்டுத் துணியால் துடைத்துக் கரி நீக்குவது என் வேலை. அப்பாவுக்கு அது பஞ்சாலைப் புகைபோக்கி. என் மனைவிக்கு அடுப்பு மேலே இருக்கும் மோட்டார். இதில் அப்பத்தாவும் அப்பாவும் சொன்னது இங்கிலாந்துக்காரனுக்கு அப்படியே புரியும், விளக்குக் கண்ணாடிக்கும் அங்கே அதே பெயர்தான். என் மனைவி சொல்வதைக் கேட்டால் அவன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பான். அவனுடைய சிம்னியில் விசிறி கிடையாது. சூடான காற்று லேசாகித் தானாக மேலே போகும், அவ்வளவுதான். இதில் 'டக்ட் இல்லாத சிம்னி' என்று வேறு விற்கிறோம். புகை வெளியே போக வழியில்லாத புகைபோக்கி! நானும்தான் விற்கிறேன், என்ன செய்ய.

இந்த டக்ட் இல்லாத சமாசாரத்தில்தான் உங்கள் கட்டுரை நிஜமாகவே கெடுதல் செய்யும். அதில் இரண்டு ஃபில்டர் உண்டு. முன்னால் இருக்கும் உலோக ஃபில்டர் எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும். அதை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவலாம். நாம் கடுகு தாளிக்கிற வேகத்துக்கு மாதம் ஒருமுறை போதாது என்பது தனிக் கதை. உள்ளே இருப்பது கரி ஃபில்டர், வாடையைப் பிடிக்க. சாதாரண கரி ஃபில்டரைக் கழுவினால் வீண், காலம் முடிந்ததும் மாற்றத்தான் வேண்டும். 'வடிகட்டிகளை' என்று பன்மையில் போட்டு எல்லாவற்றையும் வெந்நீரில் முக்கச் சொல்லிவிட்டீர்கள். அப்புறம், வாடையையும் பிசுக்கையும் பிடித்தாலும் இந்த வகை நீராவியை வெளியேற்றாது. காற்றை வடிகட்டித் திரும்ப அடுக்களைக்குள்ளேயே விடுகிறது.

சாறு பிழியும் விசிறிக்கு வருகிறேன். எக்ஸ்ட்ராக்ட் என்றால் உள்ளே இருப்பதை இழுத்து வெளியே எடுப்பது. பழத்தில் சாறு, குளியலறையில் ஈரக்காற்று. நாம் சொல்லும் எக்ஸாஸ்ட் ஃபேனைத்தான் இங்கிலாந்தில் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் என்கிறார்கள். அங்கே எக்ஸாஸ்ட் என்று மொட்டையாகச் சொன்னால் நாம் சைலன்சர் என்று சொல்லும் வண்டிப் புகைக்குழாய்தான் முதலில் நினைவுக்கு வரும். இங்கே எலெக்ட்ரீஷியன் வந்து "ஒன்பது இஞ்ச் எக்ஸாஸ்ட் ஒண்ணு" என்றால் ஃபேனைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

கட்டுரையில் 'சுவரின் மேற்பகுதிக் காற்றோட்ட அமைப்பு' என்று சுற்றி வளைத்து ஓர் இடம் வருகிறது. வென்டிலேட்டர் என்று எழுத மொழிபெயர்ப்பாளருக்குப் பயம் போல. பயத்தில் நியாயம் இருக்கிறது. 2021 இரண்டாவது அலையின்போது ஒரு கொத்தனார் என் கடை வாசலில் நின்று போனில், "வென்டிலேட்டர் ரெண்டு உடனே வேணும், இன்னைக்கே வச்சாகணும்" என்று கத்தினார். மாஸ்க் போட்டு நின்றிருந்த நாலு பேரும் இரண்டடி பின்னால் போய்விட்டார்கள். அவர் கேட்டது லிண்டலுக்கு மேலே வைக்கும் ஜன்னல்.

இந்தச் சொல்லை மகனின் கல்லூரி அகராதியில் தேடியபோது ஒன்று கிடைத்தது. லத்தீன் மூலச் சொல்லுக்கு விசிறுவது என்றும், தானியத்தைக் காற்றில் தூற்றுவது என்றும் பொருளாம். அதிலிருந்து வந்த ஆங்கில வினைச்சொல்லுக்கு, ஒரு விஷயத்தை ஊர் அறியப் பேசுவது என்றும் பொருள் உண்டு. நாமும் களத்தில் நெல்லைத் தூற்றுகிறோம், திண்ணையில் ஆளைத் தூற்றுகிறோம்! இன்னொன்றும் படித்தேன். 1736இல் லண்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபைக்குள் காற்றை மாற்ற டெசகுலியர் என்பவர் கையால் சுற்றும் விசிறிச் சக்கரம் ஒன்றை அமைத்தார். அவர் வென்டிலேட்டர் என்றது சக்கரத்தை இல்லை, அதைச் சுற்றிக்கொண்டு நிற்கும் ஆளை.

தமிழில் சொல் இல்லாமலா என்று கேட்பீர்கள். 'மான்கண் காலதர்' என்கிறது சிலப்பதிகாரம். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அருமையான சொல்தான், அச்சில் போடுங்கள், சந்தோஷம். ஆனால் பக்கத்திலேயே வென்டிலேட்டர் என்றும் போட்டுவிடுங்கள். கொத்தனாரிடம் காலதர் என்று சொல்லிவிட்டு நான் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வரும் இதழில் ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டால் போதும்: குக்கர் மூடி அல்ல, சிம்னி, கரி ஃபில்டரைக் கழுவ வேண்டாம். டீச்சரம்மாவுக்கு நான் சொல்லிவிட்டேன். ஆனால் அவர் நம்பவில்லை, "பேப்பர்லயே போட்டிருக்கான், உன்கிட்ட ஸ்டாக் இல்லேன்னு சொல்லு" என்றுவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
ஓர் எலெக்ட்ரிக்கல் கடைக்காரன்,
மதுரை.