எட்டு மாதம் ஓடிய ஐந்து நாள் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போதை மாத்திரையோடு இளைஞர்கள் பிடிபட்ட செய்தி வரும்போதெல்லாம் எங்கள் அம்மா பேப்பரை மடித்து வைத்துவிடுவார். காரணம் இருக்கிறது.

அம்மா கருங்கல் பக்கம் ஓர் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், முப்பது வருடம் பருப்பு உடைத்தவர். உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தனியார் மருத்துவமனையில், ட்ரமடோலும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ட்ரமடோல் அபின் இனத்து வலிமருந்து என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எங்களுக்கு என்ன புரிந்திருக்கும், அது வேறு விஷயம். வலி குறைந்ததோடு மனசுக்கும் லேசாக இருந்ததாம். அதே சீட்டை நீட்டி எட்டு மாதம் வாங்கினோம். பாதி நாள் கடைக்குப் போனது நான்தான். கடைசியில் ஒரு நாளைக்கு ஆறு, ஏழு என்று ஆகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. மறுநாள் நான் மறந்துவிட்டேன். அம்மாவுக்குக் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கும் கண்ணும் ஒழுகுகிறது, கால் இரண்டும் குடைச்சல், வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. “பழைய வலி திரும்ப வந்துட்டு மக்களே” என்று அழுதார். மாத்திரை போட்டதும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கியது. பழகிப்போன உடம்பு மாத்திரை கிடைக்காவிட்டால் இப்படித்தான் வலிக்குமாம். ஆள் அதைப் பழைய வலி என்று நம்பி இன்னும் ஒன்று போடுவாராம். இதை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை மருத்துவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

அங்கே போவதற்கே இரண்டு வாரம் தயங்கினோம், போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம். 2018 முதல் ட்ரமடோல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறதே. ஆனால் பழக்கத்துக்கு ஆளானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், மருந்தைப் பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ போடும் வழக்கிலிருந்து அதே சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்குத் தருகிறது. இதை ஒரு போர்டில் எழுதி வைத்தால் என்ன? அம்மாவுக்கு மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தவில்லை, இரண்டு மாதம் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். அளவு மீறினால் வலிப்பு வரும், மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம் என்றும் சொன்னார்கள். ரப்பர் பால்வெட்டுக்கும் கொத்து வேலைக்கும் போய்வந்து, சாயங்காலம் ஒரு குவார்ட்டரோடு வலி மாத்திரை போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவர் திரும்பத் தரலாம் என்று எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தர வேண்டும். கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் அந்தச் சீட்டிலேயே குறிக்க வேண்டும். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள எச்1 என்ற கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் வரும் ட்ரமடோல் போன்ற மருந்துகளுக்குக் கடைக்காரர் தனிப் பதிவேடு போட்டு மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். பையன்களின் சட்டைப்பையைத் தேட போலீஸ் செலவிடும் நேரத்தில் பாதியையாவது மருந்து ஆய்வாளர்கள் இந்தப் பதிவேட்டைப் புரட்டச் செலவிடட்டும்.

எங்கள் சீட்டு இன்னும் அலமாரியில் இருக்கிறது. மடித்து மடித்து நாலு துண்டாகக் கிழிந்துவிட்டது. அதில் ஒரு கடையின் முத்திரைகூட இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.