கம்பி மாட்டிய புலி

சுங்கை சிப்புட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் சுகம்.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது மரச்செதுக்கு சொல்லிக் கொடுக்கிறேன். சபா மாநிலத்தின் ரானாவ் ஊரில் 2010-இல் தொடங்கிய பங்ரோக் சூலாப் என்ற மரச்செதுக்குக் கலைக்குழுவைப் பார்த்து வந்த ஆசை. பலகையில் செதுக்கி, மை தடவி, மேலே துணியை விரித்து ஏறி மிதித்தால் படம் துணியில் இறங்கிவிடும். அவர்கள் பாட்டுக்கு ஆடிக்கொண்டே மிதிப்பார்கள்.

நாங்கள் எடுத்தது புலி. 1950-களில் மலேசியத் தீபகற்பத்தில் 3,000 வரை இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது 150-க்கும் குறைவு. நாட்டுச் சின்னத்தில் மட்டும் இரண்டு புலி நிமிர்ந்து நிற்கிறது. பிள்ளைகள் முதலில் வரைந்ததும் அப்படிக் கம்பீரமாக உறுமும் புலிதான். அழகு, சரி. பார்க்கிறவனுக்கு என்ன உறைக்கும்? காட்டில் வைக்கும் கம்பிக் கண்ணியைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு சிறுமி, முன்னங்காலில் கம்பி இறுகிய புலியை வரைந்து வந்தாள். பின்னால் வரிசை வரிசையாகச் செம்பனை. அந்தக் கம்பியை உளியால் ஆழமாகத் தோண்டியதால், கறுப்பு மைக்கு நடுவே வெள்ளைக் கோடாகப் பளிச்சென்று விழுந்தது.

மிதிக்கும் நேரத்தில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டாள். அம்மன் வாகனத்தைக் காலால் மிதிப்பதா? பிறகு துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள்.

கோயில் திருவிழாவில் அன்னதானப் பந்தலில் அதைக் கட்டினோம். சாப்பிட்டுவிட்டு வந்த பாட்டிமார்கள் அங்கேயே நின்று, விடியுமுன் தனியாக ரப்பர் மர நிரைக்குப் போகப் பயந்த காலத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தோட்டத் துரை சொன்னார், வயிறு கேட்டது. காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவர்கள் நம் தாத்தாமார்கள். அந்தக் கதையை நாம் வரையாமல் வேறு யார் வரைவார்கள்?

2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற கடைசிக் காண்டாமிருகம் இறந்ததோடு நம் நாட்டில் சுமத்ரா காண்டாமிருகமே இல்லாமல் போய்விட்டது. புலிக்கும் அந்தக் கதி வரக்கூடாதுடா.

உன் அப்பா பால் வெட்டும் காட்டில் புலியின் காலடியைப் பார்த்து, பால்வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்ததைச் சொல்வாரே, அதை முழுதாகக் கேட்டு எழுதி அனுப்பு. எந்தத் தோட்டம், எந்த நிரை என்பது அவருக்கு நினைவிருந்தால் அதையும் எழுது. அடுத்த பலகை அதுதான்.

அன்புடன்,
உன் நண்பன்