ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வதற்கு முன்

வீட்டு இணைய இணைப்பு தரும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். விளையாட்டு சர்வரில் சேர முடியவில்லை என்று போன் வந்தால் நீங்கள் சொல்வது இரண்டுதான்: ரௌட்டரை அணைத்துப் போடுங்கள், ஸ்பீடு டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். எங்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது. வேகம் பிளானில் சொன்னபடியே இருந்தது. புகார் தீர்ந்துவிட்டது என்று குறுஞ்செய்தியும் வந்தது. ஆனால் என் மகன் வீட்டுக் கணினியில் ஓட்டும் மைன்கிராஃப்ட் சர்வருக்குள் அவன் நண்பர்கள் ஒருவராலும் நுழைய முடியவில்லை. வேறு ஊர்களுக்குக் குடிபோன பிள்ளைகள் மாலையில் சேர்ந்திருக்கும் இடம் அது. சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில், திரையில் என்ன செய்தி வருகிறது என்று கேளுங்கள். ‘அவுட்டேட்டட் சர்வர்’ என்றோ ‘அவுட்டேட்டட் கிளையன்ட்’ என்றோ வந்தால் விளையாட்டின் பதிப்பு பொருந்தவில்லை. இணைப்பில் கோளாறு இல்லை. ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் கணினி வரை போயாகிவிட்டது, அந்த போர்ட்டில், அதாவது கணினிக்குள் நுழையும் அந்த எண்ணிட்ட வாசலில், சர்வர் ஓடவில்லை. ‘டைம்ட் அவுட்’ என்பதுதான் கவனிக்க வேண்டியது. பதிலே திரும்பவில்லை, வழியில் ஏதோ தடுக்கிறது என்று அர்த்தம். விண்டோஸ் ஃபயர்வாலாக இருக்கலாம். வெளியிலிருந்து வருவதை ரௌட்டர் சரியான கணினிக்கு அனுப்பும் போர்ட் ஃபார்வர்டிங் அமைப்பில் தவறு இருக்கலாம்: ஜாவா பதிப்புக்கு வழக்கமாக டிசிபி 25565, பெட்ராக் பதிப்புக்கு யூடிபி 19132. டிசிபி, யூடிபி இரண்டும் தரவு அனுப்பும் வெவ்வேறு முறைகள். பெட்ராக்குக்கு டிசிபியை மட்டும் திறந்துவிட்டுக் காத்திருந்தால் யாரும் வர முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் நுழைய முடியவில்லை என்றால், தடை உங்கள் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று பாருங்கள். ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் ஐபி என்று ஓர் எண் இருக்கும்; வெளி நெட்வொர்க்கில் ரௌட்டருக்கு உள்ள முகவரி அது. அது 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அந்த வீட்டுக்குத் தனிப் பொது முகவரி இல்லை. பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்கின்றன. சிஜிநாட் என்று நீங்கள் சொல்லும் ஏற்பாடு இது. வெளியே போகும் இணைப்புகளுக்குத் தொல்லை இல்லை. அதனால்தான் யூடியூப் ஓடுகிறது, பெரிய பொது சர்வர்களிலும் சேர முடிகிறது. வெளியிலிருந்து தானாக வரும் இணைப்பு எந்த வீட்டுக்கு உரியது என்று உங்கள் கருவிக்குத் தெரியாது, அதனால் உள்ளே அனுப்பாமல் தள்ளிவிடும். வாடிக்கையாளர் தன் ரௌட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயன் இல்லை. இன்னொரு சங்கடமும் உண்டு: அதே முகவரியில் இருக்கும் வேறு யாரோ செய்த சேட்டைக்கு ஒரு சர்வர் அந்த ஐபியைத் தடை செய்தால், சம்பந்தமே இல்லாத பிள்ளைகளும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முகவரிப் பஞ்சம் உண்மை என்பது எனக்குத் தெரியும். பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. நம் பகுதிக்கு அவற்றைப் பங்கிடும் ஏப்னிக் அமைப்பு, 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. பகிர்வதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பெற்றோர் புது ரௌட்டருக்குக் காசு செலவழித்திருப்பார்கள்!

ஆகவே, இணைப்பு கொடுக்கும் அன்றே, உங்கள் செயலியில் பிளான் விவரத்துக்குப் பக்கத்திலேயே, பொது முகவரியா பகிர்ந்த முகவரியா என்று எழுதுங்கள். போன் எடுப்பவருக்கும் அது திரையில் தெரியட்டும். நிலையான ஐபிக்கு, அதாவது மாறாத தனிப் பொது முகவரிக்கு, மாதம் எவ்வளவு என்பதையும் அங்கேயே போடுங்கள். அது வேண்டுமா, போர்ட் திறக்காமலே கணினிகளை இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற செயலியில் சமாளிக்கலாமா என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொள்வோம். அப்புறம், புதிய முகவரி முறையான ஐபிவி6 கொடுப்பவர்கள் அதில் ஒரு போர்ட்டைத் திறக்கும் வசதியை ரௌட்டரில் பூட்டி வைக்காதீர்கள். அங்கே முகவரிப் பஞ்சம் என்ற காரணமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு தாய்