அலமாரிகளை அகற்றும் முன்: நூலகச் சீரமைப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சீரமைப்புக் குழுவினருக்கு வணக்கம்.

இளங்கலையில் சேர்ந்த நாள் முதல் ஆறு வருடமாக நம் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறேன். இப்போது ஆய்வு மாணவி. இரண்டாம் தளத்து அலமாரிகளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, அங்கே குழு மேசைகள் போடும் வரைபடத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்தேன்.

மாற்றம் கட்டாயம் வேண்டும். எல்லோரும் மடிக்கணினியோடு வருகிறோம். சுவரோரம் இருக்கும் சில பிளக் பாயிண்டுகளுக்காகக் காலையிலேயே இடம் பிடிக்கிறோம். சேர்ந்து செய்யும் ப்ராஜெக்ட் வேலை கூடிவிட்டது. பேச இடம் இல்லாமல் மாடிப்படியில் உட்கார்ந்து பேசுகிறோம். குழு மேசைகள் வரட்டும், சந்தோஷம்.

ஆனால் அவற்றை வைக்கும் இடம் சரியில்லை. அமைதி வாசிப்புப் பகுதிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்புதான் இருக்கிறது, அதுவும் கூரை வரை போகவில்லை. பேச்சு அதன் மேலேறி இந்தப் பக்கம் இறங்கிவிடும். புத்தகம் நிறைந்த அலமாரிகள் இதுவரை சத்தத்தை வாங்கிக்கொண்டிருந்தன. அவை போய், கண்ணாடியும் டைல்ஸும் மிஞ்சினால் நாற்காலி இழுப்பதுகூட எதிரொலிக்கும். விடுதி அறையிலும் வீட்டிலும் கிடைக்காத அமைதியைத் தேடித்தான் எங்களில் பலர் இங்கே வருகிறோம். பேசும் வேலை, பிரிண்டர் எல்லாம் தரைத்தளத்தில் இருக்கட்டும். மேலே போகப் போக அமைதி கூடட்டும்.

அப்புறம், புத்தகங்கள். என் ஆய்வுக்குத் திசை காட்டிய நூலை நான் தேடிப் போகவில்லை. தேடிப் போனது இரவல் போயிருந்தது. அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்தில் இது நின்றது. ஒரே பொருளில் உள்ள நூல்களை அருகருகே நிறுத்தும் பகுப்பு எண் செய்த உதவி அது. கிடங்கில் இது நடக்காது. சிகாகோ பல்கலைக்கழகம் 2011இல் திறந்த மன்சுவேட்டோ நூலகம் 35 லட்சம் தொகுதிகள் வரை நிலத்தடியில் வைக்கக்கூடியது. அங்கே நூல்களை அளவு பார்த்துப் பெட்டிகளில் அடுக்குகிறார்கள், இயந்திரம் எடுத்துத் தருகிறது. இடம் மிச்சம்தான், ஆனால் பெயர் தெரிந்து கேட்கும் நூல் மட்டுமே கைக்கு வரும். ஒட்டியே நிற்கும் ரெகன்ஸ்டைன் நூலகத்தில் திறந்த அலமாரிகளை விட்டுவைத்துத்தான் அவர்களும் அதைக் கட்டினார்கள்.

எதை அனுப்புவது என்று இரவல் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இங்கேயே எடுத்துப் படித்து மேசையில் விட்டுப் போகும் நூல்கள் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. ஒரு செமஸ்டர் மட்டும், அவற்றைத் திரும்ப அடுக்கும் முன் பதிவு செய்யச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய இதழ்த் தொகுப்புகள் முதலில் போகலாம். சந்தா நின்றாலும் அவற்றைப் படிக்கும் உரிமை நமக்கு இருக்குமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகு. அலமாரிகளை வாசிப்புக் கூடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் பொறியாளரைக் கேளுங்கள். ஆட்கள் உட்காரக் கட்டிய தளம் அலமாரிப் பாரத்தைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

வரைபடத்தை இறுதி செய்யும் முன், தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை வந்து எங்களோடு உட்காருங்கள். இரண்டாம் தளத்தில், வடக்கு ஜன்னல் ஓரம்தான் இருப்பேன்.

அன்புடன்,
ஓர் ஆய்வு மாணவி