டாக்டர் ஆகணும்னா மேக்ஸ் வேண்டாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு மேல்நிலைப்பள்ளிக்கு எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். பத்தாவது ரிசல்ட் வந்துட்டா ஒரு வாரத்துக்கு கடையில நிக்க இடம் இருக்காது, மார்க் ஷீட், டிசி, சாதி சான்றிதழ்னு காப்பி எடுத்துக்கிட்டே இருக்கும்போது பெத்தவங்க பேசிக்கிறதெல்லாம் காதுல விழும். வருஷா வருஷம் கேக்குற பேச்சு ஒண்ணு இருக்கு. "டாக்டருக்குப் படிக்கப்போற பிள்ளைக்கு மேக்ஸ் எதுக்கு, பேசாம ப்யூர் சயின்ஸ் போட்டுடு, அந்த நேரத்துல பயாலஜி படிக்கட்டும்." ப்யூர் சயின்ஸ்னா ப்ளஸ் ஒன்ல பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியோட பாட்டனி, ஸுவாலஜி இருக்குற, மேக்ஸ் இல்லாத குரூப்; பயோ மேக்ஸ்னா பயாலஜியும் மேக்ஸும் சேர்ந்த குரூப்.

மூணு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் சொன்னேன். என் பெரிய பொண்ணுக்கு கணக்கு நல்லாவே வரும், பயோ மேக்ஸ் எடுக்குறேன்னுதான் சொன்னா, நான்தான் கடையில உக்காந்து என் பேனாவால பாட்டனி ஸுவாலஜின்னு ஃபார்ம்ல எழுதிக் குடுத்தேன்.

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ்ல ரெண்டாவது பாடத்துலயே வெக்டர், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷன்னு மேக்ஸ் பாடமெல்லாம் வந்துடுது சார். மேக்ஸ் எடுத்த பிள்ளைங்களுக்கும் அது கணக்கு புக்குல ரெண்டாவது வால்யூம்லதான் வருது, ஆனா வந்துடுது, போட்டுப் போட்டுப் பழகிடுறாங்க. என் பொண்ணுக்கு பிசிக்ஸ் வாத்தியார் போர்டுல காட்டுன அந்த ஒரு வாரம்தான். ஒரு நாள் அவ நோட்டைப் புரட்டுனேன். ஸுவாலஜி நோட்டுல கலர் பென்சில்ல அவ்வளவு அழகா இதயம் வரைஞ்சிருக்கா, பிசிக்ஸ் நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் கணக்கு பாதியில நிக்குது, ஓரத்துல "பிறகு கேக்கணும்", "பிறகு கேக்கணும்"னு பென்சில்ல. யாருகிட்ட போய் கேப்பா.

மெடிக்கல் சீட்டுக்கு எழுதுற நீட் தேர்வுல மொத்தம் 720 மார்க், அதுல பயாலஜி 360, அதான் பாதி வந்துடுச்சேன்னு எல்லாரும் கணக்கு போடுறோம். அந்தப் பாதியில டாக்டர் கனவோட வர்ற எல்லா பிள்ளைங்களும்தான் நல்லா எடுக்குறாங்க, ஆளைப் பிரிக்கிறது பிசிக்ஸ்தான். 45 கேள்வி, 180 மார்க், கால்குலேட்டர் கிடையாது, தப்பா போட்டா ஒரு மார்க் போயிடும். கெமிஸ்ட்ரிலயும் மேக்ஸ்ல வர்ற லாக் (மடக்கை) தெரியாம, அமிலத்தன்மையை அளக்குற பிஹெச் கணக்கு நகராது. 2016 வரைக்கும் இங்க ப்ளஸ் டூ மார்க்கை வச்சுதான் மெடிக்கல் சீட்டு, பயாலஜி 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200 கட் ஆஃப். நாம இன்னும் அந்தக் கணக்குலயே நிக்கிறோமோன்னு எனக்குத் தோணுது.

நீட் கைகுடுக்கலன்னா என்ன பண்றதுன்னும் அப்போ யோசிக்கல. நர்சிங், பார்மசி, கால்நடை, அக்ரி எல்லாம் ரெண்டு குரூப்புக்குமே உண்டு. ஆனா மேக்ஸ் இல்லாததால பி.இ பக்கமே எட்டிப் பாக்க முடியல. இப்போ பெரியவ பி.எஸ்சி நர்சிங் படிக்கிறா, சந்தோஷமாத்தான் இருக்கா, அதுல குறை ஒண்ணும் இல்ல. இருந்தாலும் அந்தக் கதவை அடைச்சது நான்தானே.

கணக்குன்னாலே காய்ச்சல் வர்ற பிள்ளையைப் பிடிச்சு பயோ மேக்ஸ்ல தள்ளச் சொல்லல, அது அதைவிடக் கொடுமை, அந்தப் பிள்ளைக்கு ப்யூர் சயின்ஸ்தான் சரி. கணக்கு வர்ற பிள்ளைகிட்ட இருந்து அதைப் பிடுங்காதீங்கன்னுதான் சொல்றேன். ஸ்கூல்லயும் இதையெல்லாம் யாரும் சொல்றதில்ல, இந்த மார்க்குக்கு இந்த குரூப்புன்னு லிஸ்ட் ஒட்டிடுறாங்க, ஏன்னு கேட்ட ஒரு அம்மாவை "அடுத்த ஆளு வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க, அவங்க என் கடை வாசல்ல நின்னுதான் அழுதாங்க.

அட்மிஷனுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் பிசிக்ஸ் வாத்தியார் பெத்தவங்களை உக்கார வச்சுப் பேசினா போதும். நீங்களும் மே மாசம் எந்த குரூப்புக்கு எந்தப் படிப்புன்னு ஒரு முழுப்பக்கம் போடுங்க சார், காப்பி எடுத்து கடையில ஒட்டுறது என் பொறுப்பு. சின்னவளுக்கு ரிசல்ட் வந்தாச்சு, ஃபார்ம்ல குரூப் கட்டம் மட்டும் காலியா இருக்கு, அக்காகிட்ட கேட்டுட்டு நானே எழுதிக்கிறேன்னு சொல்லிட்டா. திங்கக்கிழமை கடைசி நாள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
விருதுநகர் மாவட்டம்.