அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்

காரைக்குடியில் நடந்த பள்ளி வினாடி வினாவின் நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். படம் காட்டிப் பெயர் கேட்ட சுற்றில் நடந்தது நீங்கள் அறிந்ததே. ஒரு காளானின் படத்தைப் பார்த்து என் மாணவி 'ஹெரீசியம் கோரலாய்டிஸ்' என்றாள். உங்கள் விடைத்தாளில் 'ஹெரீசியம் எரினேசியஸ்', அதாவது சிங்கப்பிடரிக் காளான், என்று இருந்ததால் தவறு என்றீர்கள். அந்த மதிப்பெண் அவளுக்கு உரியது. தயவுசெய்து கொடுத்துவிடுங்கள்.

அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். வெள்ளைக் கிளைகள், அவற்றில் சிறு கிளைகள், அடியில் வரிசையாகத் தொங்கும் குட்டைப் பற்கள். எரினேசியஸுக்குக் கிளையே கிடையாது. ஒரே உருண்டைதான், அதிலிருந்து பற்கள் சில சென்டிமீட்டர் நீளத்துக்கு இறங்கும். இளசில் இரண்டும் வெள்ளை, முற்றினால் இரண்டிலும் மஞ்சள் படரும். ஆகவே நிறம் உதவாது, கிளையைத்தான் பார்க்க வேண்டும். அவள் பார்த்தாள். காரணம் சொல்ல எழுந்தவளை, "விளக்கமெல்லாம் வேண்டாம்மா, உட்காரு" என்று அமர்த்திவிட்டீர்கள்.

அதுதான் எனக்கு ஆறவில்லை. ஐரோப்பாவின் பீச், ஓக் மரங்களில் வளரும் பூஞ்சையை எங்கள் கண்மாய்க்கரையில் பார்த்துப் பழக முடியாது. ஊருக்குப் பேருந்து வரும்வரை பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து, படங்களைப் பார்த்தே கற்றவள் அவள். திரும்பும் வழியில், "நான் சொன்னது தப்பா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை என்று நான் சொன்னால் போதாது. நீங்கள் சொல்ல வேண்டும்.

'இரண்டும் ஒரே இனம் மாதிரிதானே' என்றீர்கள். சட்டம்கூட அப்படிப் பார்ப்பதில்லை. பிரிட்டனில் இயற்கையாக வளரும் எரினேசியஸைப் பறிப்பதும் விற்பதும் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். கோரலாய்டிஸும் அங்கே அரிதுதான். ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் அதன் பெயர் இல்லை. பழைய மரங்களையும் விழுந்த கட்டைகளையும் அகற்றினால் இரண்டுக்குமே வாழ்விடம் போய்விடும். எது எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுப்பவர்கள் பெயரைச் சரியாகச் சொன்னால்தான் காப்பாற்ற வழி பிறக்கும். பர்மா தேக்கையும் மற்றத் தேக்கையும் தடவிப் பார்த்தே பிரித்தறியும் ஆசாரிகள் உள்ள ஊர் நம்முடையது. இங்கே 'ஒரே மாதிரிதானே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

இணையத்தில் கிடைத்த படத்தைச் சரிபார்க்காமல் கேள்வியாக்குவது இப்போது எல்லாப் போட்டிகளிலும் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பிடரிக் காளான் பொடி விற்பவர்களும் இந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். வியாபாரிக்கு அது விளம்பரம். உங்களுக்கு அது ஒரு பிள்ளையின் விடை.

கோப்பையை யாரிடமிருந்தும் திரும்பப் பெற வேண்டாம். அவள் விடை சரி என்று எழுதி, கையொப்பமிட்டு, எங்கள் பள்ளி முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டு கேள்விப் படங்களை ஒரு தாவரவியல் பேராசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தேவகோட்டைப் பக்கத்து உயிரியல் ஆசிரியை