பேய் தேடிப் போன மூன்று ராத்திரி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் வீடு வெறிச்சென்று இருப்பதாக எழுதியிருந்தாய். மூட்டுவலிக்கு எண்ணெய் போடுவதை நிறுத்திவிடாதே. பதில் தாமதமானதற்குக் காரணம் பேய். சிரிக்காதே. தீபாவளி மலருக்குப் பேய்க்கதை கேட்டிருக்கிறார்கள். பேயைப் பார்க்காதவன் என்னத்தை எழுத? அதனால் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் மூன்று ராத்திரி தங்கிவிட்டு வந்தேன்.

ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல், அவ்வளவு நீளம். குடியிருப்பது எண்பத்தெட்டு வயது ஆச்சி ஒருவர்தான். வளவை, அதாவது வீட்டு நடுவிலுள்ள முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாமே பூட்டிக் கிடக்கின்றன. மகனுக்குக் கல்யாணமானால் ஒரு அறை கொடுப்பது அவர்கள் வழக்கம். இப்போது சாவிகள் சென்னையில், கோலாலம்பூரில், இன்னும் எங்கெங்கோ. ஒரு பூட்டுக்குத் துணி சுற்றி, சணல் கட்டி, அரக்கு வைத்திருந்தார்கள். அந்த அரக்கில் யாரோ ஒருவருடைய கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, அப்படியே இருந்தது. விளக்கை அணைத்த பிறகும் அதுதான் கண்ணுக்குள் நின்றது.

முதல் ராத்திரி இரண்டு மணிக்கு மேலே யாரோ நடந்தார்கள். நின்றார்கள். மறுபடி நடந்தார்கள். நாற்பது வருஷம் கறுப்புச் சட்டை போட்ட நான் முருகா முருகா என்று முனகியதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது. காலையில் ஆச்சி, "மரநாயி தம்பி. ஓட்டுக்கடியில குட்டி போட்டிருக்கு" என்றார். மறுநாள் 'டக்'கென்று கேட்டது பர்மா தேக்கு உத்தரம், சூடு தணியும்போது அப்படித்தான் பேசுமாம்.

நேராகவே கேட்டுவிட்டேன், இவ்வளவு பெரிய வீட்டில் பேய் பிசாசு ஒன்றுமே இல்லையா என்று.

"செத்தவுகளை நாங்களே கூப்பிட்டு, இலை போட்டு, சேலை வேட்டி வச்சுப் படைக்கிறோம். அவுக எதுக்குத் தம்பி மெனக்கெட்டு உங்களைப் பயமுறுத்தணும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் அவராகவே அப்பச்சியை, அதாவது தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நீ வகுப்பில் சொல்வாயே, நெல் விலை விழுந்து, கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல், கீழ் பர்மாவின் விளைநிலத்தில் கால்வாசி 1930-களின் கடைசியில் செட்டியார்கள் கைக்கு வந்தது என்று. அப்பச்சி அந்தக் காலத்தில் அங்கே வட்டிக்கடை பார்த்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஆயிரக்கணக்கானவர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். அப்பச்சியும் கிளம்பினார் என்பது வரைதான் செய்தி. இறந்த நாள் தெரியாததால் தை அமாவாசைக்குக் கும்பிடுகிறார்கள்.

ஆச்சியின் ஆத்தா மட்டும் அவர் இறந்ததை நம்பவில்லையாம். ராத்திரியில் முகப்புக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட யாரையும் விடமாட்டாராம், சாகிறவரைக்கும். நேரங்கெட்ட நேரத்தில் வந்து கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது என்று.

மூன்றாவது ராத்திரி மரநாய் வரவில்லை. எனக்கும் தூக்கம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்துத் தூண்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்ததைச் சாயங்காலம் பார்த்திருந்தேன். எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத்தான் போகும். திருட்டுப் பயம் வேறு பிடித்துக்கொள்ள, டார்ச்சோடு முகப்புக்குப் போனேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் கையும் வைத்தேன். ஆனால் போடவில்லை, திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

இதைப் பேய்க்கதை என்று கொடுத்தால் மலர் ஆசிரியர் என்னை வைவார். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்ததாகக் கல்லூரி விடுதியில் சத்தியம் பண்ணினாயே, அதை ஒன்று விடாமல் எழுதி அனுப்பு. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. மாசக் கடைசிக்குள் வேண்டும்.

என்றும் உன்,
மாப்ளே